ரோலர் எது, மில் எது

பொம்மை நீராவி எஞ்சினோடு சேர்ந்த சாமான் எது, சேராத சாமான் எது என்று பார்த்துச் சொல்ல இந்த இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். வேறு யாருக்கும் தெரியாத விஷயத்தை வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தமிழில் கையெழுத்துப் போடுவேன், பத்திரிகையின் பெரிய எழுத்துகளை வாசிப்பேன், அவ்வளவுதான். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் கொழும்பில் பழைய பொம்மை வாங்கி விற்கிறவர்கள் கார் வைத்துக்கொண்டு தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு வந்து, என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருஷம் ஒருவர் ஒரு சாமானின் படத்தை மட்டும் அச்சடித்துக் கொண்டுவந்தார். சின்னத் தையல் மெஷின் என்றார். படத்தை வைத்துக்கொண்டு நான் பெயர் சொல்வதில்லை, சாமானைக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். மறுவாரம் கொண்டுவந்தார். சக்கரத்தைச் சுற்றினால் ஊசி மேலும் கீழும் போகவில்லை, நின்ற இடத்திலேயே சுழன்றது. துளை போடுகிற மெஷின். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

இப்போது தோட்டத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் பிள்ளைகள், படத்தைப் பார்த்தே சொன்னால் என்ன, எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறதே என்று கேட்கிறார்கள். ஏன் சொல்வதில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அங்கங்கே அவள் திருத்துகிற தமிழுக்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் தோட்டம் பாதி தேயிலை, பாதி ரப்பர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். நான் ஸ்டோரில் எண்ணெய்த் துணியோடு நுழைந்து, மெஷின் துடைத்து, பெல்ட் தைத்து, பன்னிரண்டு வருஷத்தில் பிட்டர் ஆனேன். என்னை ஆளாக்கியவர் குணபால பாஸ். கைவேலை தெரிந்தவரைச் சிங்களத்தில் பாஸ் என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர். சட்டையில் எண்ணெய்க் கறை இருந்து நான் பார்த்ததில்லை. சத்தம் போடவே மாட்டார். ஒரு மெஷின் நின்றுவிட்டால் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லுவோம். அவர் பேசாமல் வருவார், கையைக் கால்சட்டையில் துடைப்பார், பெல்ட்டைக் கழற்றுவார், பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, புல்லியை, கையாலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார். எங்கே இறுகுகிறது, எங்கே இளகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். நாங்கள் அவசரப்பட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார். "இஸ்ஸெல்லா கரகவலா பலன்ன." முதலில் சுற்றிப் பார் என்று அர்த்தம். இருபது வருஷத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எல்லாம் சேர்ந்து இந்த மூன்று வார்த்தைதான்.

தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் பங்களாவில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் கடைசி வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பொம்மை எஞ்சின். பித்தளைக் கொதிகலன், சிவப்புச் சக்கரம், ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிற சின்ன விளக்கு. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. பலகையில் எங்கள் ஸ்டோரில் இருப்பது போலவே லைன் சாஃப்ட் என்கிற நீளமான சுழல்தண்டு, அதில் வரிசையாகப் புல்லிகள், ஒவ்வொரு புல்லிக்கும் எதிரே ஒரு குட்டி மெஷின். எஞ்சின் ஓடினால் சாஃப்ட் சுழலும், சாஃப்ட் சுழன்றால் எல்லா மெஷினும் ஓடும். வந்து போன துரைமார்கள் அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நூல் பெல்ட் மாட்டுவது, பெயர்ந்த தகட்டை மடித்து விடுவது எல்லாம் என் கையால்தான்.

ஆக, அந்தச் சாமான்களை எப்படி அடையாளம் பிடிப்பது என்று நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கையே கற்றுக்கொண்டது. முதலில் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். தகட்டில் நாக்கு வெட்டி மடித்துப் பொருத்தியிருந்தால் பெரும்பாலும் ஜெர்மன் சாமான். கனத்த வார்ப்பு இரும்பில் கால் இருந்தால் இங்கிலீஷ்காரன் வேலையாக இருக்கலாம். நான் ஒரு புகையிலை டப்பாவில் பழைய நட்டுகள் வைத்திருக்கிறேன், சில இங்கிலீஷ் மரை, சில மெட்ரிக் மரை. எது இறுகாமல் ஏறுகிறதோ அது அந்த ஊர். பிறகு புல்லியின் பள்ளம். வட்டமான பள்ளம் என்றால் நூலோ சுருள்கம்பி பெல்ட்டோ ஓடியிருக்கும், தட்டையாக இருந்தால் தோல் வார். பிறகு புல்லியின் உயரம் லைன் சாஃப்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, விரலால் சுற்ற வேண்டும். என்ன அசைகிறது, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்தால் சாமான் தானே தன் பெயரைச் சொல்லும்.

இத்தனையும் தெரிந்த நான் தொண்ணூற்றிரண்டில் ஒரு மனிதனைக் கள்ளனாக்கினேன்.

அந்த வருஷம் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. புதிய துரை வந்தார். சிங்களவர், இளம் வயது, நிதானமானவர், எதையும் பேப்பரில் பார்க்க வேண்டும் என்கிறவர். பங்களாவில் கரண்டி முதல் கட்டில் வரை லிஸ்ட்டோடு ஒத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றுவிட்டார். அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் வெள்ளைக்காரத் துரை ஒட்டிவைத்த டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது, பொம்மைச் சாமான்களின் பெயர் எல்லாம் இங்கிலீஷில். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயா அதை லிஸ்ட்டில் ஏற்றிக்கொண்டார். எட்டுச் சாமான். எது எது என்று காட்ட என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். துரை, கிளாக்கர் ஐயா, பங்களா சமையல்காரர் அந்தோனி அப்பு, மூவரும் நின்றார்கள். அந்தோனி அப்பு என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குசினியில் நின்றவர். அலுமாரிச் சாவி அவரிடம்தான் இருந்தது.

கிளாக்கர் ஐயா ஒவ்வொன்றாக வாசித்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலை நீட்டினேன். எஞ்சின், லைன் சாஃப்ட், சம்மட்டி, வாள், சாணைக்கல், துளைபோடுகிற மெஷின். தடதடவென்று சொன்னேன். துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. "மில்" என்றார் கிளாக்கர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உருளை வைத்த சாமான் ஒன்று இருந்தது. ரப்பர் ஸ்டோரில் பாலை உறையவைத்துக் கொடுத்து நசுக்கி எடுக்கிறோமே, அந்த இரட்டை உருளை மெஷினுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மில்லு. அச்சு அசல் அதுதான். "அதோ, மில்லு" என்றேன்.

"ரோலர்" என்றார்.

தேயிலை ஸ்டோரில் ரோலர் என்றால் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வட்டமான மேசை, அதன்மேல் வட்டமான பெட்டி, கொழுந்தைப் போட்டால் உருட்டி உருட்டிச் சாறு இறக்கும். அலுமாரிக்குள் அப்படி ஒன்றும் இல்லை. காட்ட இனிச் சாமானும் மிச்சமில்லை. எட்டுக்கு ஏழுதான் இருந்தது.

இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. காணாமல் போன சாமான் எப்படி இருந்திருக்கும் என்று துரைக்கு விளக்கினேன். பித்தளை மேசை, இவ்வளவு உயரம், பளபளவென்று இருக்கும், கையில் எடுத்தவனுக்குக் கீழே வைக்க மனம் வராது என்று கையை வைத்து அளவெல்லாம் காட்டினேன். துரை கேட்டுவிட்டு, ரோலர் காணவில்லை, பிட்டர் சொன்னபடி, என்று எழுதச் சொன்னார். சாவி வைத்திருந்தவருக்கு ஒரு வாரம். அதற்குள் சாமான் வராவிட்டால் வேலையும் இல்லை, குசினிக்குப் பின்னால் இருந்த வீடும் இல்லை.

காவல்காரர்கள் அன்றைக்கே அப்புவின் வீட்டைக் கிளறினார்கள். பித்தளை மேசை தேடி அரிசிப் பானைக்குள் கைவிட்டார்கள். நான் ஸ்டோருக்குத் திரும்புகிற வழியில் அப்பு வேலி ஓரத்தில் நின்றார்.

"ராமையா, அந்த ரோலர நீ கண்ணால பாத்திருக்கியா?"

"பாக்கலண்ணே. ஆனா இருந்திருக்கணும்."

"பாக்காத சாமானுக்கு அளவு காட்டுன ஒரே ஆளு நீதான்டா" என்றார். கோபம்கூட இல்லாமல் சொன்னார். "போறதுக்கு எனக்குப் பயமில்ல. கள்ளன்னு பேரெடுத்துட்டுப் போகணுமேன்னுதான் பாக்குறேன்."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எடுத்திருக்க மாட்டார் என்று தெரியும். என் வாயும் பிழை சொல்லாது என்று எனக்கு நம்பிக்கை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு ரம்புக்கனைக்குப் பஸ் ஏறினேன். குணபால பாஸ் வேலையை விட்டபிறகு அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். அவிசாவளையில் மாறி, ருவான்வெல்லை வழியாக, போய்ச்சேர மத்தியானம் ஆனது. கண்டி ரயில் மலை ஏறப் புறப்படுகிற சத்தம் அவர் வீட்டு முற்றத்தில் கேட்கும். கதையைச் சொன்னேன்.

"சுத்திப் பாத்தியா?" என்றார். பாஸ் எங்களோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழ்.

"கண்ணாடிக்குள்ள இருந்துச்சு பாஸ்."

"கண்ணாடிக்குக் கதவு இல்லையா?"

கதவு இருந்தது. கேட்டிருந்தால் திறந்திருப்பார்கள்.

"எந்த ஊரு சாமான் அது?"

"ஜெர்மன் பாஸ். நாக்கு மடிச்சிருக்கு, மெட்ரிக் மரை."

"ஜெர்மனியில தேயிலை ஸ்டோர் இருக்கா, ராமையா?"

அவ்வளவுதான் கேட்டார். மகளைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. தேயிலையும் ரப்பரும் முளைக்காத ஊரில் ஒருவன் உட்கார்ந்து பொம்மை செய்கிறான். அவன் ஏன் தேயிலை ரோலர் செய்யப்போகிறான்? நான் உலகமே எங்கள் தோட்டம் என்று நினைத்துப் பெயர் வைத்திருக்கிறேன். அவனுக்கு ரோலர் என்றால் இரும்பைத் தகடாக நசுக்குகிற இரட்டை உருளை. நான் மில்லு என்று விரல் நீட்டியதுதான் ரோலர். அது அலுமாரியிலேயே இருக்கிறது. காணாமல் போனது ரோலர் இல்லை, மில். அப்படியானால் மில் என்பது என்ன? அந்த ஊரில் எதை அரைப்பார்கள்? "கோதுமை" என்றேன், சோற்றுக் கையோடு. பாஸ் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் துரையிடம் போய் அலுமாரியைத் திறக்க உத்தரவு கேட்டேன். இந்த முறை கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பலகையை வெளியே எடுத்தேன். இரட்டை உருளையைச் சுற்றினேன். இரண்டும் எதிரெதிராகச் சுழன்றன, நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. உறைந்த ரப்பர் பால் நுழைகிற இடைவெளி இல்லை அது. லைன் சாஃப்ட்டில் ஆறு புல்லி, மெஷின் ஐந்துதான். ஆறாவது புல்லிக்கு நேரே, பலகையின் பின்மூலையில், பாலிஷும் தூசியும் அடைத்து நாலு துளை. ஊசியால் குத்தித் திறந்தேன். அவற்றைச் சுற்றி ஒரு கட்டமாக வர்ணம் மங்காமல் பச்சையாக இருந்தது. ஈர்க்கு ஒன்றை ஒடித்து நீளம், அகலம் இரண்டையும் நகத்தால் குறித்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அப்பு கரட் சீவிக்கொண்டிருந்தார். ஈர்க்கை மேசைமேல் வைத்தேன்.

"அண்ணே, ரோலர மறந்துடுங்க. இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம். தகரத்துல இருக்கும். ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பாத்திருக்கீங்களா?"

கத்தி நின்றது. ஈர்க்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"சக்கரம் பின்னால இருக்கும்" என்றார். "செவத்துப் பக்கம் திருப்பி வைப்போம்."

எனக்கும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. நானும் வருஷா வருஷம் பார்த்த சாமான். நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே இருக்கிற மாதா கோவிலில், நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, அப்பு கட்டுகிற பாலன் குடிலில், வைக்கோலுக்கு நடுவே ஒரு தகர வீடு இருக்கும். செங்கல் வரைந்த சுவர், சிவப்புக் கூரை. நான் கோவிலுக்குப் போகிறவன் இல்லை. நத்தார் கேக்குக்காகப் போவேன். அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேக் தின்றிருக்கிறேன்.

நான் அந்தப் பலகையில் கைவைப்பதற்கு முன்பே, அப்போதைய துரையின் மனைவி, துரைசானி, பலகையைத் துடைக்கச் சொன்னபோது அந்தத் தகர வீடு மரை கழன்று கையோடு வந்ததாம். இது எஞ்சினோடு சேர்ந்த சாமான் இல்லை, பொம்மை வீடு, உன் குடிலுக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தாராம். அந்தத் துரைசானி இறந்து பல வருஷம். சாட்சி யாரும் இல்லை.

"இப்பக் கொண்டாந்து குடுத்தா ஒளிச்சு வச்சிருந்தான்னு சொல்லுவாங்க. குடுக்காட்டி வித்துட்டான்னு சொல்லுவாங்க. எது நல்லதுன்னு நீயே சொல்லு. நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே."

"நீங்க வாயே தொறக்காதீங்க. பேச ஆரம்பிச்சது நான், நானே முடிக்கிறேன்" என்றேன்.

துரைக்கு முன்னால் நின்று சிங்களத்தில் சொன்னேன், நான் சொன்னது பிழை என்று. எத்தனையோ துரைமார்களுக்கு வேலை செய்திருக்கிறேன், அந்த வார்த்தையை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எது பிழை என்று கேட்டார். முழுவதும் என்றேன். ரோலர் இங்கேயே இருக்கிறது, மில் கோவிலில் இருக்கிறது என்றேன். அது எப்படி அங்கே போனது என்று கேட்டார். துரைசானி கொடுத்த கதையைச் சொன்னேன். பேப்பர் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். துரை பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"தொரை, திருடுன சாமானக் கோவில் நடுவுல வச்சு, அதுக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்தி, தோட்டத்தையே கூப்பிட்டுக் காட்டுவானா?" இதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டேன், சிங்களம் வரவில்லை, துரைக்குத் தமிழ் கேட்டால் புரியும். பிறகு கிளாக்கர் ஐயாவைப் பார்த்தேன். "ஐயாவும் பாத்திருக்காங்க."

கிளாக்கர் ஐயா தொண்டையைச் செருமினார். அஞ்சாறு நத்தாருக்குப் பார்த்ததாகச் சொன்னார். கேக் தின்றதைச் சொல்லவில்லை.

கோவிலில் குடில் சாமான் வைத்திருக்கிற பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார் துரை. நான் தொடாமல் துரையையே திறக்கச் சொன்னேன். வைக்கோலுக்குள் இருந்து தகர வீடு வந்தது. கூரையெல்லாம் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. கவிழ்த்துக் காட்டினேன், மடித்த நாக்கு. பலகையில் வைத்தேன், வீட்டின் நாலு துளையும் பலகையின் நாலு துளைக்குமேல் உட்கார்ந்தன. ஒரு பக்கமும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. நூல் எடுத்து ஆறாவது புல்லிக்கு மாட்டினேன்.

"இப்ப நீங்களே சுத்துங்க தொரை."

துரை எஞ்சின் சக்கரத்தை விரலால் தள்ளினார். சம்மட்டி அடித்தது, வாள் போனது வந்தது. தகர வீட்டுக்குள்ளே இருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் உள்ளே சின்னக் கல் ஒன்று சுழல்கிறது, சின்னக் கட்டை ஒன்று எழுந்து விழுகிறது. அத்தனை வருஷம் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததில் ஒருவரும் அறியாத சங்கதி. அந்தோனி அப்பு சிலுவை போட்டுக்கொண்டார். துரை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு லிஸ்ட்டை எடுத்து, காணவில்லை என்று எழுதிய வரியைக் குறுக்கே வெட்டினார். காணவில்லை என்று சொன்னவன்தான் இதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன். அப்பு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. நான்தான் கேட்டேன், குடிலுக்கு இனி வீடு இருக்காதே என்று. துரை மில் என்ற வரிக்கு எதிரே ஏதோ எழுதினார். கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். டிசம்பர் மாதம் கோவிலுக்கு, சமையல்காரரின் பொறுப்பில்.

அந்த வருஷ நத்தாருக்குச் சக்கரத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்று சுற்றினார்கள். அப்பு மேலும் ஆறு வருஷம் அதே குசினியில் இருந்து, மரியாதையாக ஓய்வு பெற்றார். இப்போது அந்தக் கோவிலுக்குப் பின்னால் கல்லறையில்தான் படுத்திருக்கிறார். என்னை மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அவர் இருந்தவரை ஒவ்வொரு நத்தாருக்கும் கேக்கின் ஓரத்துண்டு, ஐசிங் கூடப் பிடித்த துண்டு, எனக்குத்தான்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் வேறொரு துரை வந்தார், மறுபடி லிஸ்ட், மறுபடி எனக்கு ஆள் வந்தது. புதிய கிளாக்கர் பிள்ளை ஒவ்வொன்றாக வாசித்து வந்து ஒரு வரியில் நின்றுவிட்டான். "மில் எப்படிங்க கோவிலுக்குப் போகும்?" என்றான். "இதுல ஒண்ணு வெட்டியிருக்கு, கையெழுத்து வேற இருக்கு. யாருங்க ராமையா?"

"நான்தான். கதவத் தொறங்க" என்றேன்.

"அதான் தெரியுதேங்க, அந்த வீடு மாதிரி இருக்கிறதுதானே?"

"தொறங்க தம்பி."

திறந்தான். மில் என்று பதினேழு வருஷமாக எனக்குத் தெரிந்த சாமான்தான். கையைத் துடைத்துக்கொண்டு விரலால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். டக், டக் என்றது.

"மில்" என்றேன். அவன் குறித்துக்கொண்டான்.